தலைவர் தூக்கிய குழந்தை

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பெயரால் எங்கள் வீடு பட்ட பாடு போதும். கணவரைக் கணவர் என்றும் மகளை மகள் என்றும் எழுதிக்கொள்கிறேன். தலைவரைத் தலைவர் என்று எழுதினாலே போதும். என் கணவர் வாயில் அவருக்கு வேறு பெயர் வந்து நான் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் ஓசூரில், கம்பெனிகளை ஒட்டியிருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் தொட்டில், நடுவில் நாங்கள். அவர் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் பிரசவம் வரைக்கும் வேலை பார்த்தேன். ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம் அவர் கட்சிக்காரர். எங்கள் வட்டத்துக்கு ஆளுங்கட்சியின் செயலாளர் அவர்தான். அதைப் பெரிய பதவி என்று நம்பித்தான் காவேரிப்பட்டினத்தில் என் அப்பா பெண் கொடுத்தார். கொடி கட்டுவதும், சேர் போடுவதும், கூட்டம் முடிந்ததும் அதே சேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதும்தான் வட்டச் செயலாளர் வேலை என்பது கல்யாணமாகி வந்த பிறகு தெரிந்தது.

எங்கள் சுவரில் ஒரே ஒரு போட்டோ தொங்கியது. கட்சியின் பழைய தலைவர், இப்போது உயிரோடு இல்லாதவர், ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி அதன் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தை என் கணவர். கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் என் மாமனார் தீவிரமான கட்சிக்காரர். மகன் பிறந்ததும், அந்தத் தலைவர் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தலைவர் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. அதுவரை அவருக்குப் பெயர் 'பையா'. இன்றும் ஊரில் சில கிழவர்கள் அவரைப் பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

ஆகவே மகள் பிறந்து நான் கண் விழித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "பொண்ணு." இரண்டாவது வார்த்தை, "எலக்சனுக்குத் தலைவர் வருவாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது. ஏனென்றால் நான் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தேன். ஒயர் கட்டும் லைனில் நின்றபடியே, வயிற்றில் இருக்கும்போதே யோசித்து வைத்த பெயர். சின்னப் பெயர். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் யாருக்கும் நாக்கில் இடறாது. எங்கள் லைன் வீடுகளில் மூன்று மொழிக்காரர்களும் இருந்தார்கள், பெயர் என்றால் மூன்று பேருக்கும் கூப்பிட வர வேண்டும் என்பது என் கணக்கு. அதை அவரிடம் சொன்னேனா என்றால் இல்லை. சொன்னால் அவர் அந்தப் போட்டோவைப் பார்ப்பார்.

வெளியில் எல்லாரும் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள். தடுப்பூசி போடப் போனால் நர்ஸ், "பேரு வெக்காத பாப்பா வந்துடுச்சா?" என்பார். வீட்டு ஓனர் அக்கா, தெலுங்குக்காரர், வாடகை வாங்க வரும்போதெல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்து, "ஏம்மா, இன்னும் வேட்பாளர அறிவிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் சிரித்து வைப்பேன். கதவைச் சாத்திக் குளிக்க ஊற்றும்போது மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது கூப்பிடுவேன். அவள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். பக்கத்திலேயே மூன்றாவது ஷிப்ட் முடித்து வந்த மனிதர் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பெயராக அது வளர்ந்தது.

தேர்தல் அறிவித்தார்கள். கட்சிக்கு நேரம் சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது. சாக்கடைக்குத் தோண்டிய தெருவை மூடாமல் போயிருந்தார்கள். பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. மாங்காய்க்கு விலை இல்லை என்று தோட்டக்காரர்கள் கொந்தளித்துப் போயிருந்தார்கள். ஓட்டுக் கேட்டு என் கணவர் போன வீடுகளில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. அவர் வீடு திரும்பி, "மரியாதையாத்தான் நடத்தறாங்க, அதான் பயமா இருக்குது" என்றார்.

போதாததற்கு இப்போதைய தலைவரின் வாய். தினம் ஒன்று டிவியில் வந்தது. ஓர் ஊரில் நின்றுகொண்டு வேறு ஊர் மக்களுக்கு நன்றி சொன்னார். இன்னோர் ஊரில் எதிர்க்கட்சிச் சின்னத்துக்கே ஓட்டுக் கேட்டுவிட்டு, சிரித்தவர்களைத் திட்டினார். தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு வந்த பெண்களிடம், "குளிக்காமலா கூட்டத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டார். நாகரசம்பட்டிப் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் தன் மரத்தில் முதலில் பழுத்த மாம்பழத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தலைவர் கடித்துப் பார்த்துவிட்டு, "அடடா, சேலத்து மாம்பழம் மாதிரியே இருக்கு" என்றார். எங்கள் மாவட்டத்துத் தோட்டக்காரரிடம் சொல்லக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். நம் மரத்தில் காய்த்து, நம் ஆள் பறித்து, போகும் வழியில் பெயர் மாறிப் போகிறதே என்று ஏற்கெனவே வயிறு எரிகிறவர்கள் அவர்கள். மிச்சப் பழத்தையும் அந்த மனிதர் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று டிவியில் காட்டினார்கள்.

"அவரு தமாசுக்கு சொன்னாரு" என்றார் என் கணவர்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் அதே பதில்தான் இருந்தது. வயதாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள், தூக்கமில்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்த மனிதர் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. கூட்டத்துக்கு மேலே, கொடிகளுக்கும் மேலே, காமிரா இருக்கும் இடத்தைப் பார்த்துப் பேசுவார். எதிரில் நிற்பவர் கிருஷ்ணகிரிக்காரரா சேலத்துக்காரரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இதை நான் வெளியே சொல்லவில்லை. வீட்டில் ஒரு பிரச்சாரம் போதும்.

தலைவர் ஓசூருக்கு வரும் நாளும் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேனில் நின்று பேசுவதாக ஏற்பாடு. பெயர் வைக்க எங்கள் குழந்தை மட்டும்தான். இதற்காக என் கணவர் பகுதிச் செயலாளர் வீட்டுக்கு எத்தனை முறை நடந்தார் என்பது அவருடைய செருப்புக்குத்தான் தெரியும். பகுதிச் செயலாளர் என்பவர் இவருக்கு மேலே இருப்பவர், கொடி கட்டச் சொல்கிறவர்.

மகளுக்கு அப்போதுதான் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டிருந்தோம். காது இன்னும் குத்தவில்லை. அவர் ஆசையாக வாங்கி வந்த வலை வைத்த கவுனைப் போட்டேன். வெயிலில், கூட்ட நெரிசலில், அது குத்திக் குத்திப் பிள்ளை வீறிட்டு அழுதது. கழற்றிவிட்டு ஒரு பருத்திச் சட்டையை மாட்டினேன். சாயங்காலம் வருவதாகச் சொன்ன தலைவர் விளக்குப் போட்ட பிறகுதான் வந்தார். அதற்குள் முதல் ஷிப்ட் முடிந்து வந்து நின்ற கூட்டமெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. நின்றவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், இங்கே ஓட்டு இல்லாதவர்கள். தலைவர் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

பகுதிச் செயலாளர் என் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். "டிவில தெரியணும் தங்கச்சி" என்று சொல்லிக் கட்சித் துண்டை எடுத்துக் கழுத்துவரை சுற்றினார். மொட்டைத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தலைக்கு மேலே கை மாறிக் கை மாறி என் மகள் வேனுக்குப் போனாள். என் கணவர் பின்னாலேயே நெருக்கிக்கொண்டு ஓடினார். இடையில் ஒருவன் கை தவறினால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை.

தலைவர் வாங்கினார். வாங்கிய கையோடு குழந்தையை வெளிப்பக்கமாகத் திருப்பி, கூட்டத்துக்குக் காட்டுகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். அவள் முகம் எங்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. "இந்த வீர மகனுக்கு" என்று ஆரம்பித்து ஒரு பெயரைச் சொன்னார். ஒரு பழைய அரசரின் பெயர். முறுக்கு மீசையோடு சிலை வைத்திருக்கிறார்களே, அந்த அரசர்.

கீழே நின்ற நான், "ஐயா, பொண்ணுங்க, பொண்ணு" என்று கத்தினேன். தாரை தப்பட்டையில் அது யாருக்கும் கேட்கவில்லை. வேனில் தொற்றிக்கொண்டிருந்த என் கணவர் எதையோ தலைவரின் காதருகில் சொல்வது தெரிந்தது. மைக் தலைவரின் வாயருகிலேயே இருந்தது.

"பொண்ணா? சரி விடுப்பா, எல்லாம் ஒண்ணுதான்."

பஸ் ஸ்டாண்டு முழுவதும் அது கேட்டது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு தமிழ் தெரியாத பையன்கள்கூடச் சிரித்தார்கள். தலைவர் கையசைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். மகள் என் கைக்குத் திரும்பி வந்தபோது துண்டுக்குள் வேர்த்து நனைந்திருந்தாள்.

விடிவதற்குள் தமிழ்நாடு முழுவதும் என் மகளைப் பார்த்துவிட்டது. 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற குரலை வெட்டி எடுத்து எதெதற்கோ ஒட்டி அனுப்பினார்கள். ஆணா பெண்ணா என்றே தெரியாதவருக்கு நாட்டு நிலவரம் எப்படித் தெரியும் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை கேட்டார்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து என் அப்பா போன் செய்து, "பேத்தி நல்லா விழுந்திருக்கா படத்துல" என்றார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பகுதிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நான் டீ போட்டேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திட்டத்தைச் சொன்னார். மறுநாள் டிவிக்காரர்களைக் கூட்டி வருவார். ஆணுக்குப் பெண் சமம், அதனால் ஆண் பெயரே வேண்டும் என்று நாங்கள்தான் தலைவரிடம் கேட்டோம் என்று என் கணவர் சொல்ல வேண்டும். அத்தோடு முடிந்தது.

"அத்தோட முடிஞ்சதா அண்ணா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. வாயில மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க. பர்த் சர்டிபிகேட்லயும் அந்தப் பேரையே ஏத்திடணும். எதிர்க்கட்சிக்காரன் போய்த் தோண்டுவான். பேருல என்னாம்மா இருக்குது?"

"உங்க பொண்ணுக்கு வெப்பீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வைங்க" என்று டீயைக் குடிக்காமலே அவர் எழுந்து போனார்.

நாங்கள் பேசினோம். பேசினோம் என்பதைவிட நான் பேசினேன் என்பது சரி. கம்பெனியில் வாயைத் திறக்காமல் நின்று வேலை பார்த்தவள் நான், ஆனால் அன்றைக்கு என் பேச்சு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் புது டீச்சர் இவள் பெயரைப் படித்துவிட்டுப் பையன்கள் பக்கம் தேடுவார், அப்போது நீங்கள் போய் ஆணுக்குப் பெண் சமம் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். அந்த மனிதரின் வாய்க்கு இவள் காலம் முழுவதும் பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"தலைவரு வெச்ச பேர வேணான்னு சொல்றதா?" என்றார் அவர். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "எனக்கும் அப்படித்தான வெச்சாங்க. நான் கெட்டா போயிட்டேன்?"

"உங்களுக்குப் பேரு வெச்சவரு உங்க மொகத்தப் பாத்தாருங்க. அதோ பாருங்க, குனிஞ்சு பாத்துனு இருக்காரு. இவரு எம்பொண்ணப் பாக்கவே இல்ல. தூக்குனாரு, காட்டுனாரு, குடுத்துட்டாரு."

நான் அழுதேன். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவருடைய பெயர்தான் அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம். அதே விஷயத்தை மகளுக்கும் கொடுக்க நினைத்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் காலை டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு காமிராக்காரர், மைக் பிடித்த ஒரு பெண். லைன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஓனர் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது ஷிப்ட் முடிந்து கண் சிவந்திருந்த என் கணவரைச் சேரில் உட்கார வைத்து, மடியில் குழந்தையைக் கொடுத்தார் பகுதிச் செயலாளர். கட்சித் துண்டும் போட்டாயிற்று, இந்த முறை அவர் கழுத்தில். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். என் பெண் கைவிட்டுப் போகப் போகிறாள் என்பது போலவே இருந்தது எனக்கு. அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான், ஊரறிய ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுகிற ஆள் அவர் இல்லை.

அவர் ஆரம்பித்தார். "நாங்கதான் தலைவர்கிட்ட..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அதற்குள் மைக் பிடித்த பெண் குழந்தையிடம் குனிந்தாள். நல்ல பெண்தான், சிரித்த முகம். காமிராவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று தலைவர் வைத்த அரசர் பெயரைச் சொல்லி என் மகளைக் கூப்பிட்டாள். மகள் மைக்கின் பஞ்சைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். மகள் பஞ்சை விடவில்லை. பகுதிச் செயலாளரும் கைதட்டிக் கூப்பிட்டார். வாசலில் நின்றவர்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். இத்தனை பேர் இத்தனை முறை சொல்லியும், அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

என் கணவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக, நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மகள் பஞ்சை விட்டுவிட்டுச் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதாங்க பாப்பா பேரு" என்றார் அவர் மைக்கில். "தலைவரு கூட்டத்துல சரியாப் பாக்கல. அவ்ளோதான். எங்க தலைவர்தான் அவரு. ஆனா பேரு இதுதான்."

பகுதிச் செயலாளர் காமிராவுக்குக் குறுக்கே கையை நீட்டினார். ஓனர் அக்கா மாடிப்படியிலிருந்து, "அப்பாடா, அறிவிச்சுட்டாங்க" என்றார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

"ஒரே ரூம்பு வீடு. மூணாவது ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா, நீ தண்ணி ஊத்தறப்ப கூப்படறது காதுல வுழாமயா இருக்கும்?"

"கேட்டுக்கினேவா தூங்குனீங்க?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

அந்த வாரமே அவருடைய பதவி போயிற்று. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாகக் காரணம் சொன்னார்கள். பதவி போன மனிதர் ஓட்டுக் கேட்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. துண்டு இல்லாமல், தனியாக, அதே வீடுகளுக்குப் போனார். இந்த முறை அவரைப் பார்த்துச் சிலர் சிரித்துப் பேசினார்களாம். அதிலேயே அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

என் ஓட்டு யாருக்கு என்று நான் அவரிடம் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்கே போட்டேன். அது ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. மைக் முன்னால் அவர் அன்று குனிந்து பிள்ளையைப் பார்த்ததற்காகப் போட்டேன். என் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகவில்லை. கட்சி எங்கள் பூத்திலும் தோற்றது, மாநிலத்திலும் தோற்றது. முடிவு வந்த அன்று தெருவில் அடுத்த கட்சிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு, வெடிச் சத்தத்துக்கு மிரண்ட மகளின் காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு மட்டும் நான் அவரைக் கேலி செய்யவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கூட்டத்தில் எடுத்த படத்தைக் கட்சி போட்டோகிராபரிடம் கேட்டு வாங்கி, பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். படத்தில் தலைவர் காமிராவைப் பார்க்கிறார். மகள் துண்டுக்குள்ளிருந்து கீழே, நான் நின்ற பக்கம் பார்க்கிறாள். மேலே தூக்கிய நேரத்தில் அவள் என்னைத்தான் தேடியிருக்கிறாள் என்பது படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு அவரிடம் கேட்பார்கள், உனக்கு மாதிரியே பிள்ளைக்கும் தலைவர் வைத்த பெயரா என்று.

"இல்லீங்க. பேரு அவங்க அம்மா வெச்சது" என்பார் அவர். "தலைவரு தூக்குனாரு."